ஜீவனஹள்ளிக்குப் பிறந்தநாள் பங்கிட்ட கதை

“ஸ்டாண்டர்டை நாம படிக்கத்தான் செய்யணும்மா. எழுதறதுக்கெல்லாம் வேற ஆளுங்க இருக்காங்க” என்றார் என் டீம் லீட், நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. திருச்சிப் பக்கமிருந்து பெங்களூருக்கு வந்து நெடுநாளாக சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர் அவர். அடுத்தவர் எழுதிய விதியைப் படித்து, அதன்படி நடந்து, சாயங்காலம் ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டால் அன்றைய நாள் நல்ல நாள் என்று நம்புகிறவர். நான் கேட்ட கேள்விதான் அவரை அப்படிச் சொல்லவைத்தது. எங்கள் வேலைக்கு அடிப்படையான ஸ்டாண்டர்ட் ஆவணம் நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். அதில் நாற்பத்தோராம் பக்கத்தில் உதாரணமாகக் காட்டியிருந்த நோயாளி பிப்ரவரி முப்பதாம் தேதி பிறந்திருந்தார். இதை யாரிடம் சொன்னால் திருத்துவார்கள் என்று கேட்டேன். பிப்ரவரி முப்பது அவருக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை. ஒருத்தி நாற்பத்தோராம் பக்கம் வரை போயிருக்கிறாளே என்பதுதான் ஆச்சரியம்.

எனக்கு அது பழக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துக்குள் நுழையும் காகிதம் எதுவானாலும் கடைசியில் என் கைக்கு வரும். மாத்திரை அட்டை, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், குக்கரோடு வந்த உத்தரவாதச் சீட்டு. பெரிய எழுத்தை மட்டும் வாசித்துவிட்டுத் தப்பிக்க முடியாது. “பொடி எழுத்துல இன்னா போட்டிருக்கு, அதச் சொல்லு” என்பார்கள். எட்டு வயதிலிருந்து பொடி எழுத்து படித்து வளர்ந்தவளுக்கு இந்த ஆவணம் கொஞ்சம் பெரிய குக்கர் சீட்டு, அவ்வளவுதான். இதில் எனக்குக் கர்வம் உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது?

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துச் சின்னச் சின்ன க்ளினிக்குகள், ஒரு ரத்தப் பரிசோதனை லேப், ஒரு ஸ்கேன் சென்டர், சில மருந்துக் கடைகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியிடம் சாஃப்ட்வேர் வாங்கியவர்கள். க்ளினிக்கின் சாஃப்ட்வேருக்கு லேபின் சாஃப்ட்வேர் உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். ஆனால் டாக்டர் எழுதிய டெஸ்ட் லேபுக்குப் போக வேண்டும், அதன் முடிவு டாக்டரின் திரைக்குத் திரும்பி வர வேண்டும், மருந்துப் பட்டியல் கடைக்குப் போக வேண்டும். அதற்கு எல்லோரும் ஒரே மாதிரிக் கடிதம் எழுத ஒப்புக்கொண்டாக வேண்டும். நோயாளி யார் என்பது எந்த வரியில், தேதி எந்த வடிவத்தில், எந்த இடத்தைக் காலியாக விடலாம், எதை விடக் கூடாது. அந்த ஒப்பந்தத்தின் பெயர்தான் ஸ்டாண்டர்ட். கடிதங்கள் எங்கள் கம்பெனி வழியாகப் போகும். எந்தக் கடிதம் எந்த ஆளுடையது என்று பார்த்துச் சேர்த்துவைக்கும் சின்ன புரோகிராம் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும். அதுதான் என் பொறுப்பு.

இதை அம்மாவுக்கு விளக்கியபோது, அவர் டெக் பார்க்கில் ஹவுஸ்கீப்பிங் வேலை முடித்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“அதுங்க ஒண்ணோட ஒண்ணு பேசறதுக்கு நீ நடுவுல நிக்கறியா?”

“ஆமா.”

“நீ இல்லாட்டி பேசாதுங்களா?”

“ஸ்டாண்டர்ட் நல்லா இருந்தா, நான் இல்லாமயே பேசும்.”

“அப்ப எதுக்குடி அத நல்லாக்கற? வேலைய விட்டுத் துரத்திடப் போறாங்க.”

எங்கள் ஜீவனஹள்ளி க்ளினிக்கும் இந்த இணைப்பில் சோதனையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஆள் மாறிப்போகும் கடிதங்கள் ஒரு அளவைத் தாண்டினால், ஸ்டாண்டர்டைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டி அந்த க்ளினிக்கை வெளியே எடுத்துவிடும். எடுத்தால் என்ன ஆகும் என்று மற்றவர்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவும் அப்பாவும் பிரஷருக்கும் சுகருக்கும் போவது அங்கேதான். இணைப்பு வருவதற்கு முன்னால், ரத்தம் கொடுக்க ஒரு தடவை, ரிப்போர்ட் வாங்க ஒரு தடவை, அதை டாக்டரிடம் காட்ட ஒரு தடவை என்று பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு மூன்று அரைநாள் லீவு போடுவார்கள். அல்லது லீவு போட மனமில்லாமல் டெஸ்டையே விட்டுவிடுவார்கள். இரண்டாவதுதான் அதிகம். ஆகவே அந்த க்ளினிக் இணைப்பில் நிற்க வேண்டும் என்பது எனக்கு ஆபீஸ் வேலையாக மட்டும் இருக்கவில்லை.

முதல் மாதக் கணக்கு வந்தது. ஆள் மாறிய பட்டியலில் ஜீவனஹள்ளிதான் உச்சியில்.

“உங்க ஏரியா டேட்டா ரொம்ப டர்ட்டிம்மா” என்றார் லீட்.

எங்கள் ஏரியாவின் சாக்கடையைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். டேட்டாவைச் சொன்னது சுருக்கென்றது. அன்று மத்தியானம் டப்பாவைத் திறக்காமல் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையாக ஜனவரி ஒன்று, ஜனவரி ஒன்று, ஜனவரி ஒன்று. நடுவில் ஒரு ஜூன் ஒன்று. மறுபடி ஜனவரி ஒன்று.

எங்கள் வீட்டில் நாலு பேருக்கு இரண்டே பிறந்தநாள். அடையாள அட்டை எடுக்கிற முகாமில் அப்பாவும் அம்மாவும் வயதை மட்டும் சொன்னார்கள். தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று. நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் ஜூன் ஒன்று. நான் பிறந்தது தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் என்று அம்மா சத்தியம் செய்வார். சர்டிஃபிகேட் அதை மதிப்பதில்லை. அப்பாவுக்கு இதில் வருத்தமே கிடையாது. “என் பொறந்தநாளுக்கு எம்.ஜி. ரோட்டுல எவ்ளோ ஜனம் பாத்தியா! போலீஸ் பந்தோபஸ்து வேற” என்பார் வருடா வருடம்.

என் புரோகிராமுக்கு இந்த நகைச்சுவை புரியவில்லை. பெயர், ஆணா பெண்ணா, பிறந்த தேதி. மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்பதுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்த விதி. அப்பாவின் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் நின்று கூப்பிட்டால் ஆறு தலை திரும்பும். அந்த ஆறு பேரில் ஒருவர் பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர். முகாமில் அவர் அப்பாவுக்கு முன்னால் நின்று நாற்பத்தைந்து என்றிருக்கிறார். “அதையே எனக்கும் போட்டுடுங்க” என்று அப்பா வேலையைச் சுலபமாக்கியிருக்கிறார். எனவே வருடமும் ஒன்று. புரோகிராம் இருவரையும் சேர்த்து ஒரே மனிதனாக்கிவிட்டது. ட்ரம்பெட்காரரின் அருமையான சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் அப்பாவைப் பாராட்ட, அப்பா அந்தச் சந்தோஷத்தில் ஒரு வாரம் இனிப்பு சாப்பிட்டார். பெயிண்ட் அடிக்கும் சாரத்தில் நின்றபோது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். கீழே விழவில்லை. அந்த ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு நான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

க்ளினிக்கில் வரவேற்பு மேசையில் பெயர் பதியும் அக்காவுக்கு போன் போட்டேன். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர். ஒரே மூச்சில் தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் நோயாளிகளை அதட்டக் கூடியவர். க்ளினிக்கில் டாக்டர் இருக்கிறாரா என்பதைவிட இந்த அக்கா இருக்கிறாரா என்று பார்த்துத்தான் ஜனங்கள் செருப்பைக் கழற்றுவார்கள்.

“அக்கா, எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணு போடாதீங்க. கம்ப்யூட்டர் குழம்பிப் போவுது.”

“அவ்ளோதானே கண்ணு? ஆய்த்து, விடு. நான் பாத்துக்கறேன்.”

சரியான காரணத்தைக் கண்டுபிடித்து, ஒரே போனில் தீர்த்துவிட்ட பெருமையோடு, ஆபீஸ் பட்டியலில் அந்த வேலைக்கு நேராக ‘முடிந்தது’ என்று குறித்தேன். இரண்டு வாரத்தில் ஆள் மாறும் எண்ணிக்கை விழுந்தது. லீட் கைதட்டும் பொம்மைப் படம் ஒன்றை ஆபீஸ் சாட்டில் எனக்கு அனுப்பினார். அவர் அதை லேசில் யாருக்கும் அனுப்புவதில்லை.

மூன்றாவது வாரம் அப்பா க்ளினிக்கிலிருந்து வந்து சொன்னார்: “இன்னாமா, டாக்டரு என்னைப் புதுசாப் பாக்கற மாதிரி பாக்கறாரு? எத்தினி வருஷமா சுகர்னு கேக்கறாரு. அவருதானே கண்டுபுடிச்சாரு!”

மறுநாள் ஆபீஸில் அப்பாவைத் தேடினேன். மூன்று அப்பாக்கள் இருந்தார்கள். ஒருவர் ஏப்ரலில் பிறந்தவர், ஒருவர் ஆகஸ்டில், ஒருவர் நவம்பரில். மூன்று பேருக்கும் மூன்று தனித்தனி வரலாறு. யாருக்கும் முழு வரலாறு இல்லை. மாதக் கணக்கில், ஆள் மாறியதற்குப் பக்கத்திலேயே, ‘ஒரே ஆள் பலராகப் பிரிந்தது’ என்றொரு பத்தி உண்டு. அதுவரை யாரும் எட்டிப்பார்க்காத பத்தி. ஜீவனஹள்ளி அதையும் நிரப்பிவிட்டது.

சனிக்கிழமை காலை க்ளினிக்குக்குப் போனேன். அக்காவின் மேசையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் மாதக் காலண்டர் ஒன்று, பென்சில் டிக் அடித்து அடித்துக் கறுத்திருந்தது. வரிசையில் நின்றிருந்த ஒருவரைப் பார்த்து அக்கா கேட்டார்:

“வயசு?”

“அம்பது இருக்கும்.”

“உங்களுக்கு செப்டம்பர் ஏழு.”

“போன தபா மார்ச்சுன்னு குடுத்தியேம்மா?”

“மார்ச்சு ஃபுல்லாயிடுச்சு. தள்ளு, பின்னாடி ஆளு நிக்குது.”

நான் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

“பாத்தியா கண்ணு, ஒருத்தருக்குப் போட்ட தேதி அடுத்தவருக்குப் போவாம எவ்ளோ ஜோப்பானா, பாத்துப் பாத்து செய்யறேன்! பாரபட்சமே இல்ல. பண்டிகை நாள்லாம் வயசானவங்களுக்குத்தான் குடுத்தேன்.”

“அக்கா… நான் நெஜமான தேதியைக் கேட்டுப் போடச் சொன்னேன்.”

“நெஜமான தேதி அவங்களுக்கே தெரியாதே. நான் எங்க போய்க் கேக்கறது, அவங்க அம்மாவையா?”

“தெரியலன்னா காலியா விட்டுருக்கலாமே?”

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு, மவுஸை என் கையில் கொடுத்தார். “விட்டுப் பாரு.”

விட்டுப் பார்த்தேன். அந்தக் கட்டம் சிவப்பானது. அடுத்த பக்கம் திறக்க மறுத்தது.

“பாத்தியா? இது சிவப்பாக் கத்துது. அங்க ஒருத்தன் வாந்தி எடுத்துக்கினு நிக்கறான். நான் அவன் பொறந்த நாள விசாரிச்சுக்கினு நிக்கணுமா? சும்னே என்ன பேஜார் பண்ணாத.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. யாரிடமும் இல்லாத ஒன்றைக் கட்டாயம் தா என்று கேட்டால், மரியாதை தெரிந்த மனிதர்கள் ஏதோ ஒன்றைச் செய்து தந்துவிடுவார்கள். நூறு பக்கமும் படித்த பெருமையில் எனக்கு அது தோன்றவில்லை. ஜனவரி ஒன்றாவது எல்லோருக்கும் தெரிந்த பொய். அதன் இடத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு புதுப்பொய்யை ஏற்பாடு செய்தவள் நான்.

“அக்கா, நீங்க எப்படி ஆளக் கண்டுபுடிக்கறீங்க?” என்று கேட்டேன். “அப்பாவும் ட்ரம்பெட் அண்ணனும் ஒண்ணா வந்தா?”

“நோட்டு நம்பர்” என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல.

க்ளினிக்கில் முதல் தடவை வருகிறவர்களுக்குப் பழுப்பு அட்டை போட்ட சின்ன நோட்டு ஒன்று தருவார்கள். அட்டையில் எண். இணைப்பு வருவதற்கு முன் டாக்டர் எழுதியதெல்லாம் அதற்குள்; இப்போது அவர் திரையை மட்டும்தான் பார்க்கிறார். எங்கள் ஆட்கள் ரேஷன் கார்டைக்கூட எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார்கள். இந்த நோட்டு மட்டும் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து நேராக வரும். லேபுக்கு அனுப்பும்போது அந்த எண்ணையும் போடுவீர்களா என்றேன். போட்டுக்கொண்டுதான் இருந்தாராம், குறிப்பு எழுதும் கட்டத்தில். லேபின் சாஃப்ட்வேர் அது என்ன எண் என்று தெரியாததால் தூக்கிப் போட்டுவிட்டு, தேதியை மட்டும் வைத்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை லீடிடம் உண்மையைச் சொன்னேன், அந்த போன் உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பேசிக்கலி, இந்த மாசக் கடைசி கமிட்டி மீட்டிங்ல உங்க க்ளினிக்கை எடுத்துடுவாங்கம்மா.”

“எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டாண்டர்டுல மூணு வரி மாத்தச் சொல்லிக் கேக்கலாமா சார்?”

“கமிட்டியில எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. நீ எழுதிக் குடுக்கற பேப்பரை எவன் படிப்பான்?”

“நான் வாசிச்சுக் காட்டறேன் சார். எங்க தெருவுக்கே அதான் பண்றேன்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கம் எழுதினேன். அதற்கு எட்டு நாள் ஆனது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் ஸ்டாண்டர்டுக்கே தாயான பெரிய ஸ்டாண்டர்ட் ஒன்று இருக்கிறது. அதன் பின்னிணைப்பில், பொடி எழுத்தில், தேதி தெரியாவிட்டால் வருடம் மட்டும் போதும் என்று யாரோ எப்போதோ எழுதிவைத்திருந்தார்கள். எங்கள் கமிட்டி அதைச் சுருக்கி எடுத்தபோது, ஒழுங்காக இருக்கட்டும் என்று நாள், மாதம், வருடம் மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டது. என் வேண்டுகோள் இவ்வளவுதான்: வருடம் மட்டும் போதும், பக்கத்தில் ‘தோராயம்’ என்று ஒரு அடையாளம். அந்த அடையாளம் இருந்தால் அதை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக, அனுப்புகிறவர் தன்னுடைய எண் எதையாவது, அது யார் கொடுத்த எண் என்பதோடு சேர்த்து எழுதினால், வாங்குகிறவர் அதை அப்படியே வைத்திருந்து பதில் கடிதத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். அது நோட்டு எண்ணா, டோக்கன் எண்ணா என்று லேபுக்குப் புரிய வேண்டாம். தொலைக்காமல் திருப்பித் தந்தால் போதும்.

லீட் படித்துப் பார்த்து எழுத்துரு அழகாக இருக்கிறது என்றார். உள்ளே இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தின் பட்டியலில் என் பெயரைச் சேர்த்திருந்தார்.

கூட்டம் வீடியோவில் நடந்தது. திரையில் பன்னிரண்டு கட்டங்கள். நடத்தியவர் லேப் சாஃப்ட்வேர் கம்பெனியைச் சேர்ந்த ஒரு மேடம். குரலில் இஸ்திரி போட்டதுபோல ஒரு மடிப்பு. என்னைக் கடைசிவரை வாசிக்கவிட்டார். அதற்கே நன்றி சொல்ல வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: பிறந்த தேதி என்பது ஒரு மனிதரின் அடிப்படைத் தகவல். அதைச் சரியாக வாங்கத் தெரியாதது பயிற்சிக் குறைபாடு. க்ளினிக் ஊழியருக்குப் பயிற்சி கொடுங்கள், ஸ்டாண்டர்டை இறக்காதீர்கள்.

அக்காவுக்குப் பயிற்சி! பயிற்சி அதிகமாகி அவர் ஆண்டு முழுவதையும் பங்கிட்டதை நான் பார்த்தவள். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

“மேடம், உங்க சர்டிஃபிகேட்ல இருக்கற தேதியிலதான் நீங்க பொறந்தீங்களா?”

ஆங்கிலத்தில்தான் கேட்டேன். ஆங்கிலத்தில் அது இன்னும் மோசமாக ஒலித்தது. பன்னிரண்டு கட்டங்களும் அசையாமல் நின்றன. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

அப்போது லீட் தொண்டையைக் கனைத்தார். “பேசிக்கலி…” என்று ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். தான் பிறந்தது ஐப்பசி மாதம், மழையில். பள்ளிக்கூடத்தில் மே இருபது என்று போட்டுவிட்டார்கள். ஆபீஸில் வருடா வருடம் மே இருபதாம் தேதி கேக் வெட்டுகிறார்கள். தானும் வெட்டிக் கொடுத்துவிட்டு, ஐப்பசியில் வீட்டில் ரகசியமாகப் பாயசம் சாப்பிடுகிறார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒருவர் சிரித்தார். பிறகு பக்கவாட்டில் செய்திகள் விழ ஆரம்பித்தன. எனக்கு ஜூன் ஒன்று. எனக்கும். எனக்கு மே முப்பத்தொன்று, ஆனால் பிறந்தது சங்கராந்திக்கு. என் மனைவிக்கும் எனக்கும் ஒரே தேதி, ஒரே பள்ளிக்கூடம். பெரிய பெரிய ஆட்கள் என்று லீட் சொன்னவர்களில் பாதிப் பேர் பொய்யான நாளில் வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

மேடம் எல்லாவற்றையும் படித்தார். பிறகு கொஞ்சம் தள்ளி அமர்ந்து, மடிப்புக் கலைந்த குரலில் சொன்னார்: “ஜூன் ஒன்று. என் அப்பாதான் தலைமை ஆசிரியர். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த எல்லோருக்கும் அதைத்தான் போடுவார். சொந்த மகளுக்குச் சலுகை காட்டக் கூடாது என்று எனக்கும் அதையே போட்டுவிட்டார்.”

உடனே எல்லாம் நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கமிட்டி என்றால் கமிட்டிதான். மூன்று வரியையும் ஜீவனஹள்ளியில் மட்டும் ஒரு மாதம் ஓட்டிப்பாருங்கள் என்றார்கள். எண்ணிக்கை எல்லைக்குள் வந்தால் க்ளினிக் இருக்கும், வரிகளும் இருக்கும். வராவிட்டால் இரண்டும் போகும். ஸ்கேன் சென்டரும் மருந்துக் கடைகளும் தங்கள் பக்கத்தில் எண்ணைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்ய இரண்டு வாரம் எடுத்துக்கொண்டன. மேடம் தன் கம்பெனியின் வேலையை மூன்றே நாளில் முடித்துவிட்டார்.

எனக்கும் அக்காவுக்கும் மிச்சமிருந்தது, கொடுத்த பிறந்தநாட்களைத் திரும்ப வாங்கும் வேலை. சனிக்கிழமைகளில் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நோட்டைப் பார்த்து, எண்ணைப் பதிந்து, தேதியை அழித்து, வருடத்தை மட்டும் விட்டு, ‘தோராயம்’ கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் யாருக்குப் பிடிக்கும்?

காய்கறி வண்டிக்காரர் ஒருவர் பிப்ரவரி பதினான்கை விட்டுத் தர மறுத்தார். வீட்டில் சொல்லிவிட்டாராம், மனைவிக்கு ரொம்பச் சந்தோஷமாம். இன்னொரு அம்மா, கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் அழித்துக்கொள், என் பேரப் பிள்ளைகள் அக்டோபர் ஒன்பதுக்குக் கேக் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்றார்.

“நக்கோ, நக்கோ, பயப்பட வோணாம், நாளு உங்களுது தாம்மா. யாரும் புடுங்கல. மிஷினுக்குத்தான் வோணாம்” என்று அக்கா எல்லோரையும் சமாதானப்படுத்தினார்.

அப்பா மூன்று நோயாளிகளிலிருந்து மறுபடி ஒருவரானார். தன் முழு வரலாற்றையும் டாக்டர் திரையில் பார்த்து “ரொம்ப ஏறியிருக்கே” என்று திட்டியதில் அவருக்கு நிம்மதி. “இப்பதான் டாக்டரு என்னைத் தெரிஞ்சவரு மாதிரி பேசறாரு” என்றார். ட்ரம்பெட்காரர் தன் நல்ல ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மாதக் கணக்கு வந்த அன்று லீட் என் மேசைக்கே வந்து திரையைக் காட்டினார். இரண்டு பத்திகளிலும் ஜீவனஹள்ளி எல்லைக்குள். க்ளினிக் நிரந்தரமாக இணைப்பில் சேர்ந்துவிட்டது. ஸ்டாண்டர்டின் அடுத்த பதிப்பில் மூன்று வரிகளும் ஏறின. அம்மாவிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஆங்கிலம்தான். இருந்தாலும் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார். “மூணே மூணு வரி. இதுக்கா எட்டு நாளு?” என்றார். பிறகு டெக் பார்க்கில் தன்னோடு வேலை செய்யும் எல்லோரிடமும் என் பெண் சட்டம் எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். திருத்திப் பார்த்தேன். முடியவில்லை.

இப்போது வேறொன்று. நோட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அக்காதான் கவனித்தார்: பதினோரு நோட்டில் ஒரே மொபைல் எண். அது தெருமுனை டெய்லர் கடையின் எண். போன் இல்லாதவர்களும், போன் இருந்தும் மெசேஜ் பார்க்கத் தெரியாதவர்களும் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் வந்துவிட்டது என்ற செய்தியெல்லாம் டெய்லருக்குப் போகிறது. அவர் பொறுப்பான மனிதர், பிளவுஸ் வாங்க வரும்போது சொல்லிவிடுகிறார். ஆனால் யாருக்கு என்ன வியாதி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு போன் என்று ஸ்டாண்டர்ட் நினைத்துக்கொண்டிருக்கிறது. இது யாருடைய எண், இதற்கு எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று சொல்ல அதில் இடமே இல்லை.

நேற்றுக் காலை கமிட்டிக்கு இரண்டாவது கடிதத்தை அனுப்பிவிட்டேன். எழுதியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள், அக்காவின் பெயர் முதலில். அடுத்த கூட்டத்தில் அவர் பேசுவார் என்று எழுதி, அழைப்பையும் அவர் போனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

“எத்தினி மணிக்கு கண்ணு?”

“பதினொரு மணிக்கு அக்கா.”

“அது ஓ.பி. டைமு. அந்த நேரத்துல எழுந்து வர முடியாது. பெரிய ஆளுங்கள நாலு மணிக்கு வரச் சொல்லு.”

கூட்டத்தை நாலு மணிக்கு மாற்றச் சொல்லி மேடத்துக்கு எழுதிவிட்டேன்.